நீளக்கூடை

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டிலிருந்து நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு நேர்வழி, கூடை முடைகிறவர்கள் தெரு வழியாகத்தான் போகும். அப்படிப் போனால் பத்து நிமிஷம். நான் நாலைந்து வருஷம் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு இருபது நிமிஷம் நடந்து போனேன். காலையில் நடப்பது உடம்புக்கு நல்லது என்று கூட வேலை பார்த்தவர்களிடம் சொல்லிவைத்திருந்தேன். டிரில் மாஸ்டர் சொன்னால் யார் மறுத்துப் பேசப்போகிறார்கள்? உண்மையில் அந்தத் தெருவில் ஒருவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதற்கான காரணத்தை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடமும் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. மெட்ராஸில் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பிய புதிது. எனக்கு இருபத்து மூன்று வயது. வெள்ளை பேண்ட், வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். திண்டுக்கல்லில் மெட்ராஸைப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று நினைப்பு. யாராவது எதையாவது செய்யும்போது, "மெட்ராஸ்ல இப்படிச் செய்யமாட்டாங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். இன்றைக்கு அப்படி ஒரு பையன் என் எதிரில் வந்து பேசினால் எழுந்து போய்விடுவேன்.

மெட்ராஸில் எனக்குப் பிடித்துப்போனது ஒன்று உண்டு. அடையாற்றில் வாரம் இரண்டு நாள் படகுப் பயிற்சி. ஒரு ஆள் உட்காரும் அகலம், இரண்டு ஆள் நீளம், அப்படி ஒரு குறுகல் படகு. கேனோ என்று சொன்னார்கள். அதில் ஒரு காலை மடித்து மண்டியிட்டு, ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டுப் போகவேண்டும். ஒரே பக்கம் போட்டால் படகு மறுபக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வீச்சின் கடைசியிலும் மணிக்கட்டைச் சற்றே திருப்பி அதை நேராக்குவதுதான் வித்தை. எனக்கு அது கைவர மூன்று வாரம் ஆனது. அதற்குள் எத்தனை முறை தண்ணீரில் விழுந்தேன் என்பதை ஊரில் சொல்லவில்லை. நேராகப் போனதை மட்டும் சொன்னேன்.

திண்டுக்கல்லில் தண்ணீருக்கு எங்கே போவது? குடிப்பதற்கே குடத்தோடு நிற்கிற ஊர். ஆனால் ஆத்தூரில் மலையடிவாரத்தில் அணை கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு பையன்களைக் கூட்டிக்கொண்டு உல்லாசப் பயணம் போனபோது பார்த்தேன். மேற்கே மலை வரைக்கும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதன் மேல் ஒரு படகு இல்லை. அக்கரைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையில் உட்கார்ந்து, தென்னை மட்டையால் தள்ளிக்கொண்டு போனார்கள். கொப்பரை வட்டமாக இருக்கும், தள்ளுகிறபோதெல்லாம் சுற்றும். பாதித் தூரம் முன்னால் பார்த்தும் பாதித் தூரம் பின்னால் பார்த்தும் போய்ச் சேருவார்கள். பையன்கள் கரையில் நின்று கைதட்டிச் சிரித்தார்கள்.

அதில் ஒரு கொப்பரை மட்டும் சுற்றாமல் வந்தது. பக்கவாட்டில் மூங்கில் கட்டு ஒன்றைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, ஒரே துடுப்பால், ஒரே பக்கம் போட்டுக்கொண்டு, கோடு போட்ட மாதிரி கரைக்கு வந்தார் ஒருவர். மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் கடைசியில் திரும்பியது. நான் அசந்துபோனேன். மெட்ராஸுக்கே போகாமல் இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இருந்தது.

விசாரித்தேன். கரூர்ப் பக்கம் காவிரிக் கரையில் பிறந்தவர். பரிசல் கட்டி, பரிசல் ஓட்டி வளர்ந்தவர். திண்டுக்கல்லில் பெண் கட்டி, மாமனார் தெருவில் குடியேறி, மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய்க் கூடையும் பூக்கூடையும் முடைந்துகொண்டிருந்தார். மலை மூங்கில் எடுக்கத்தான் ஆத்தூர் வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். முதல் வார்த்தையிலிருந்து அவர் என்னை "சார்" என்றார், நான் அவரை "நீ" என்றேன். எங்கள் தெருவில் கூடைக்காரர்களை யாரும் "நீங்க" என்று கூப்பிட்டதில்லை. எழுதும்போது இப்போது அவர், இவர் என்று எழுதுகிறேன். அப்போது வாயில் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டில் கேனோவின் படம் வரைந்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நீளம், அகலம், மூக்கு, வால் எல்லாம் அங்குலக் கணக்கில் குறித்திருந்தேன். நோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இதென்ன சார், நீளமா ஒரு கூடதான?" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அந்தப் பெயர்தான் நிலைத்தது. ஆத்தூரில் கடைசி வரைக்கும் அதை யாரும் கேனோ என்று சொல்லவில்லை, நீளக்கூடை என்றுதான் சொன்னார்கள்.

ஒரு மாதத்தில் கட்டி முடித்தார். மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து, வளைத்து, பனைநாரால் கட்டி எலும்புக்கூடு மாதிரி ஒன்றைத் தெருவில் நிறுத்தினார். சின்னாளப்பட்டியில் சொல்லி, முரட்டுக் காடாத் துணி வாங்கி வந்தேன். அவர் மனைவி அதை இரட்டையாக மடித்து, கோணி ஊசியால் தைத்துப் போர்த்தினார். அந்த அம்மாவின் விரல் நுனியெல்லாம் மூங்கில் சிலாம்பு ஏறிக் கறுத்திருக்கும். பிறகு துணி மேல் தார். ரோட்டுக்குப் போடுகிற தாரைக் காய்ச்சி, கெட்டியாக இருந்ததைச் சீமெண்ணெய் விட்டு இளக்கி, தேங்காய்நார்க் கட்டையால் இரண்டு பூச்சு.

தார் பூசத் தொடங்கிய அன்று அவர் ஒரு காரியம் செய்தார். மடியிலிருந்து பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து என் கையில் கொடுத்தார். தாரும் சீமெண்ணெயுமாக இருக்கும்போது தன் கை தன்னை அறியாமல் பீடியைப் பற்றவைத்துவிடும், வேலை முடிகிற வரைக்கும் நான் வைத்துக்கொள்ளவேண்டும் என்றார். சாயங்காலம் கையை மண்ணில் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தாரைத் தொடும் நாளெல்லாம் பீடிக் கட்டும் தீப்பெட்டியும் என் பேண்ட் பையில் இருக்கும். மூன்று தீக்குச்சி படம் போட்ட மஞ்சள் பெட்டி. டிரில் மாஸ்டர் பையில் பீடியா என்று அவர் மனைவி ஒருமுறை சிரித்தார்.

மார்க்கெட் லாரியின் மேல் கட்டி அதை ஆத்தூருக்குக் கொண்டுபோனோம். தண்ணீரில் இறக்கும் முன் தேங்காய் உடைத்தார். சூடத்தைப் படகின் மூக்கில் வைக்கலாமே என்றேன். புது சைக்கிள் வாங்கினாலும் புது லாரி வாங்கினாலும் எங்கள் ஊரில் வண்டியின் முகத்தில்தான் சூடம் காட்டுவார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, கரையில் கிடந்த ஒரு கல்லில் வைத்துப் பற்றவைத்தார். தார் என்று ஒரு சொல்தான் சொன்னார். எனக்குக் குறையாக இருந்தது. கல்லுக்கா படகுக்கா பூசை என்று மனதுக்குள் முணுமுணுத்தேன்.

அந்தத் தை மாதமும் மாசி மாதமும் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போய்விடுவோம். காற்று எழும்புவதற்கு முன்னால் தண்ணீர் தகடு போலக் கிடக்கும். மண்டியிட்டுத் துடுப்பை இறக்கினால் மூக்கு தண்ணீரைப் பிளக்கிற சத்தம் மட்டும் கேட்கும். நடுவில் போய்த் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் படகு தானாகவே கொஞ்ச தூரம் போகும். மலையும் நானும் மட்டும் இருப்பதுபோல இருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அவர் என்னைவிட நன்றாக ஓட்டினார். நான் மூன்று வாரத்தில் பழகியதை அரை நாளில் பழகி, மத்தியானத்துக்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டார். நான் ஓட்டும்போது கரையில் நிற்கிறவர்கள் படகைப் பார்த்தார்கள். அவர் ஓட்டும்போது அவரைப் பார்த்தார்கள். ஒருமுறை அணைக்கட்டிலிருந்து அக்கரைப் பாறை வரை யார் சீக்கிரம் போய்வருகிறார்கள் என்று கடிகாரம் பார்த்தோம். கடிகாரம் என் கையில் இருந்தது. என் நேரத்தைச் சரியாகச் சொன்னேன். அவர் நேரத்தைச் சற்றுக் கூட்டிச் சொன்னேன். அப்படியும் அவர்தான் முதல். "ஒங்ககிட்ட பழகுனதுதான சார்" என்று துடுப்பை என்னிடம் நீட்டினார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அணையின் என்ஜினீயர் ஜீப்பில் வந்தவர் கரையில் இறங்கி நின்று பார்த்தார். வெளிநாட்டில் படித்தவர், வார்த்தையை அளந்து பேசுகிறவர். அப்போது படகில் இருந்தது அதைக் கட்டியவர்தான், நான் கரையில் நின்றேன். படகு போன நேரையும், திரும்பிய திருப்பத்தையும் என்ஜினீயர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு விவரம் கேட்டார். அணைக்கட்டின் உட்புறக் கல்வரிசையைத் தண்ணீர்ப் பக்கமிருந்து பார்க்க ஒரு படகும், அதை ஓட்ட ஒரு லஸ்கரும் வேண்டும் என்று மேலே கேட்டிருந்தாராம், அனுமதி வந்துவிட்டதாம். அணையில் வேலை பார்க்கிற காவல் ஆட்களை லஸ்கர் என்பார்கள். சர்க்கார் வேலை, அணைக்குப் பக்கத்திலேயே ஓட்டு வீடு. வருகிற வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தன்னையே ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வரவேண்டும், படகும் ஆளும் நம்பகம் என்று தெரிந்தால் அன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றார். "மாஸ்டர், நீங்களும் இருங்கள். உங்கள் வார்த்தையும் எனக்கு வேண்டும்" என்றார்.

அன்று இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பினோம். திண்டுக்கல்லில் இறங்கியதும், அவர் என்னை வீடு வரைக்கும் வந்துவிட்டுப் போகச் சொன்னார். மனைவியிடம் அவரே சொல்லவில்லை, என்னைச் சொல்லவிட்டார். அந்த அம்மா கையிலிருந்த மூங்கிலைக் கீழே வைத்துவிட்டு, ஓட்டு வீடா என்று இரண்டு தடவை கேட்டார். அவர்கள் இருந்தது கீற்றுக் கொட்டகை. மழைக்காலத்தில் முடைந்த கூடைகளை உள்ளே அடுக்கிவிட்டு இவர்கள் வெளியே ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மூத்த பெண் நன்றாகப் படிக்கிறது, மூங்கில் பிளக்க ஆள் இல்லாமல் பள்ளிக்கூடத்தை நிறுத்தலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம் என்றார். "ஒங்க வாய்ச்சொல்லுதான் சார், வேற எங்களுக்கு யாரு இருக்கா?" என்றார். நான் விசிலைக் கையில் சுழற்றிக்கொண்டு, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் மூக்குத் தையலில் நீர் கசிவதைப் பார்த்துவிட்டு, அவர் ஆத்தூரிலேயே தங்கிப் புதுப்பூச்சு பூசினார். வெள்ளிக்கிழமை காலை அரைநாள் லீவு சொல்லிவிட்டு நான் போனபோது மூக்கில் கடைசியாக ஒரு கை தார் தடவிக்கொண்டிருந்தார். சீமெண்ணெய் வாடை தூரத்திலேயே அடித்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, முழங்கையால் மடியைத் தட்டிக் காட்டினார். கை முழுக்கத் தார் என்பதால் நானே பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து என் பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். அவர் மனைவியும் மூத்த பெண்ணும் அடுத்த பஸ்ஸில் வருவதாக இருந்தது. ஒன்பதரை மணிக்கு வேலை முடிந்தது. மதகு வாய்க்காலில் தார் போகத் தேய்த்துக் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று போனார். போகும்போது, மூக்கு இன்னும் பச்சையாக இருக்கிறது, கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் அம்மா அன்று காலை கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்து ஒரு பொட்டலம் கொடுத்திருந்தாள். குங்குமம், எலுமிச்சம்பழம், வெற்றிலை, சூடம். பெரிய ஆபீசர் ஏறுகிற படகுக்குச் சூடம் காட்டாமல் விடலாமா என்றாள். அம்மா மேல் பழியைப் போடவில்லை. அவள் படகைப் பார்த்ததே இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். மணி பத்தாகிவிட்டது, ஜீப்பைக் காணவில்லை. அணைக் காவலுக்கு இருந்த லஸ்கர் ஜீப் வருகிறதா என்று பார்க்க ரோட்டுப் பக்கம் போயிருந்தார். கரையில் நான் ஒருவன்தான். பத்தேகால் ஆனது. என்ஜினீயர் ராகுகாலத்தில்தான் வந்து ஏறப்போகிறார், அதற்கு முன்னால் பூசையையாவது முடித்துவிடலாம் என்று தோன்றியது. படகை முதலில் இறக்கிய அன்று கல்லுக்குச் சூடம் காட்டிய குறையும் ஞாபகத்தில் இருந்தது. கல்லிலேயே வைத்திருக்கலாம், பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் நான் படகின் மூக்கில்தான் வைப்பேன் என்று ஒரு வீம்பு. இரண்டு வெற்றிலையை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, நடுவில் சூடத்தை வைத்தேன். வெற்றிலை இருக்கிறதே, தார் மேல் சூடு படாது என்று அதற்கு ஒரு விஞ்ஞானமும் சொல்லிக்கொண்டேன். பையிலிருந்து அவருடைய தீப்பெட்டியை எடுத்துப் பற்றவைத்தேன்.

கண்ணை மூடிக் கும்பிட்டேன். திறந்தபோது மலைக்காற்று ஒரு வீச்சு வந்தது. வெற்றிலை புரண்டது. எரிகிற சூடம் பச்சைத் தாரில் உருண்டது. ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் மூக்கு முழுக்க நீலமாக ஒரு தீ ஓடியது. ஓடின வேகத்தில் அது மஞ்சளாகி, கரும்புகையோடு நடு உடம்புக்கு வந்துவிட்டது.

அந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்லவேண்டும். பத்தடி தூரத்தில் ஒரு கடல் தண்ணீர் கிடந்தது. படகைப் பின்னால் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். என் கை முதலில் அதற்குப் போகவில்லை. மீதிச் சூடமும் எலுமிச்சம்பழமும் இருந்த பொட்டலத்துக்குப் போனது. அதைச் சுருட்டிப் பையில் திணித்தேன். பிறகுதான் கத்தினேன், பிறகுதான் கையால் தண்ணீரை வாரி வாரி இறைத்தேன்.

மதகிலிருந்து அவர் ஈர வேட்டியோடு ஓடிவந்தார். வந்தவர் எரிகிற படகின் வாலைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தார். புகை அடங்கியபோது பின்பக்கம் நாலடி மட்டும் இருந்தது. முன்பக்கம் கரிந்த சிம்பு. அவர் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து வெந்திருந்தது. நான் வெள்ளை பேண்ட்டில் நின்றிருந்தேன்.

ஜீப் அப்போதுதான் வந்தது. லஸ்கர் பின்னால் ஓடிவந்தார். என்ஜினீயர் இறங்கி, எரிந்ததைப் பார்த்தார், எப்படி என்று கேட்டார். லஸ்கர்தான் சொன்னார், இந்த ஆள் எந்நேரமும் பீடியும் கையுமாக இருக்கிறவன், தாருக்குப் பக்கத்தில் துண்டுப் பீடியைப் போட்டிருப்பான் என்று. லஸ்கருக்கு அவர் மேல் பகை ஒன்றும் இல்லை. பார்த்ததை வைத்துத் தோன்றியதைச் சொன்னார்.

"நான் இன்னிக்குப் பீடியே குடிக்கலங்கய்யா" என்றார் அவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் பேண்ட் பையைப் பார்த்தார். பீடிக் கட்டு அங்கேதான் புடைத்துக்கொண்டிருந்தது.

என்ஜினீயர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இங்கேதானே இருந்தீர்கள் மாஸ்டர்? பீடிதானா?"

"இருக்கலாம் சார்" என்றேன்.

இந்த ஒரு சொல்லை எத்தனையோ விதமாக எனக்கு நானே சமாதானம் செய்து பார்த்திருக்கிறேன். பொய் சொல்லவில்லையே, ஆமாம் என்று சொல்லவில்லையே என்று. வேலை போய்விடும் என்ற பயமும் இல்லை. என் வேலைக்கும் அந்த என்ஜினீயருக்கும் சம்பந்தமே கிடையாது. மெட்ராஸில் படித்த டிரில் மாஸ்டர் சூடம் கொளுத்திப் படகை எரித்தான் என்று வெளிநாட்டில் படித்த ஒருவர் சிரித்துவிடுவார், பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள், பையன்கள் சூடம் சார் என்று பெயர் வைப்பார்கள். அவ்வளவுதான் என் பயம். ஒரு சிரிப்புக்குப் பயந்து ஒரு குடும்பத்தின் ஓட்டு வீட்டைக் கொடுத்தேன். அதோடு இன்னொன்றும் இருந்தது. அக்கரைப் பாறை வரை போய் என்னை முந்தித் திரும்பிய அந்த மணிக்கட்டு மேல் எனக்கு இருந்த காய்ச்சலும் அந்தச் சொல்லில் இருந்தது. அப்போது அது தெரியவில்லை, பின்னால் தெரிந்தது.

தாரோடு வேலை செய்கிற இடத்தில் கவனமில்லாதவனை நம்பித் தண்ணீரில் ஏறமுடியாது என்று என்ஜினீயர் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் கிளம்புகிறபோதுதான் அடுத்த பஸ்ஸில் வந்த அந்த அம்மாவும் பெண்ணும் மேட்டிலிருந்து இறங்கிவந்தார்கள். அந்த அம்மா கல்யாணப் புடவை கட்டியிருந்தார். நான் அவர்கள் எதிரில் நிற்கவில்லை. கை கழுவுகிறவன் மாதிரி கொஞ்சம் தள்ளிப் போய்க் குனிந்து, சூடப் பொட்டலத்தையும் தீப்பெட்டியையும் தண்ணீரில் விட்டேன். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறினேன். எரிந்த சிம்புகளை வெந்த கையால் அவர் பொறுக்கிக்கொண்டிருந்தது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

வீட்டுக்கு வந்து பேண்ட்டை மாற்றியபோது பீடிக் கட்டு பையிலேயே இருந்தது. அதை வெளியே போட மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் என் மேஜை டிராயரில், விசில் டப்பாவுக்குப் பின்னால் போட்டுவைத்தேன். டிராயரைத் திறக்கிறபோதெல்லாம் புகையிலை வாடை அடித்தது. மார்க்கெட்டைச் சுற்றிப் போகத் தொடங்கியது அப்போதுதான்.

ஒரு மாதம் கழித்து, பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறைக்கு முன்னால், பீடிக் கட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது, என்ஜினீயரிடமும் போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். வேறு ஆள் எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு அதற்கு முன்பே தெரியும். தெரிந்த பிறகுதான் அந்தத் தீர்மானமே எனக்கு வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கொட்டகை வாசலில் அவர் உட்கார்ந்து பூக்கூடை முடைந்துகொண்டிருந்தார். உள்ளங்கையில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. மூத்த பெண் பக்கத்தில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட நாள் அது. அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, வாங்க என்று சொல்லாமல் உள்ளே போனார். அவர் மட்டும் "வாங்க சார்" என்று சாக்கை உதறிப் போட்டார். நான் உட்காரவில்லை. வாய் வரை வந்தது. வந்தது வேறாக மாறி, பள்ளிக்கூடத்துக்குக் குப்பை போடக் கூடைகள் வேண்டும், வகுப்புக்கு ஒன்று வேண்டும் என்றேன். தலைமை ஆசிரியர் அப்படி எதுவும் கேட்கவில்லை. அந்த நிமிஷத்தில் நானே உண்டாக்கினேன். ஆகட்டும், செய்து தருகிறேன் என்றார்.

பிறகு பீடிக் கட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி, நூலைப் பிரித்து, ஒன்றை உருவி வாயில் வைத்தார். கூரை வாரையில் செருகியிருந்த ஒரு தீப்பெட்டியை எடுத்தார். மூன்று தீக்குச்சி படம் போட்ட பெட்டி. மஞ்சள் வெளுத்து, தாள் உரிந்து, அட்டை உப்பிப்போய் இருந்தது. தீப்பெட்டி தண்ணீரில் மூழ்காது என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை. காற்று மலைப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் கரைக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

குச்சி ஒன்றை உரசினார். மருந்து உதிர்ந்தது. இன்னொன்றை உரசினார். அதுவும் உதிர்ந்தது.

"சூடப் பொட்டலமும் ஒதுங்கிக் கெடந்துச்சு சார். அத அங்கனயே மண்ணத் தோண்டிப் பொதைச்சுட்டேன். சாமி பொருளு" என்றார். பெண் மூங்கிலைப் பிளப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அவர் பீடியை வாயிலிருந்து எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். "நான் எடுத்துச் சொல்லியிருந்தா யாரு நம்புவா சார். நீங்க ஒரு வார்த்த சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே நின்னேன். அம்புட்டுதான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மன்னிப்பு என்ற சொல்கூட வேண்டியதில்லை, ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவர் என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார், அன்று கரையில் பார்த்த மாதிரியே.

"கூடை எப்போ கெடைக்கும்?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து, பாதியில் நின்ற பூக்கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. பியூனை அனுப்பி வாங்கிவரச் சொன்னேன்.